லேபிள் ஒட்டாத அபிஷேகத் தேன்

குழந்தைக்கு உடம்புக்கு முடியவில்லை என்ற குரல்செய்தி வந்தபோது, நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து தேன் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போக வேண்டிய பாட்டில்கள் அவை. செய்தி அனுப்பியவள் என் தோழி, புக்கிட் தெங்காவில் ஒரே தொழிற்சாலையில் இருபது வருடம் என்னோடு வேலை பார்த்தவள். குழந்தை அவளுடைய தம்பியின் குழந்தை. பிறந்து நாற்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது. பால் குடிக்கவில்லை, நான்கு நாளாக வெளிக்குப் போகவில்லை, அழுதால் சத்தமே வரவில்லை, கண் இமை பாதிக்குமேல் திறக்கவில்லை என்று அடுக்கிக்கொண்டே போனாள். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். டாக்டர்களுக்கு என்னவென்று பிடிபடவில்லையாம். கோயிலுக்குப் போனால் வேண்டிக்கொள்ளச் சொல்லி முடித்திருந்தாள்.

நான் வேண்டிக்கொள்ளவில்லை. கையில் இருந்த லேபிளின் கடைசி வரியைப் பார்த்தேன். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்று அதில் மலாயில் அச்சடித்திருந்தது. பன்னிரண்டு நாளுக்கு முன் அதே தோழிக்கு நான் விற்ற பாட்டிலில் அந்த வரி இல்லை. எந்த வரியுமே இல்லை.

அது எப்படி இல்லாமல் போனது என்று சொல்லியாக வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது.

தொழிற்சாலையில் என் வேலையே லேபிள் பார்ப்பதுதான். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் குழாய்களும் ஊசிகளும் பெட்டி பெட்டியாக வரும். ஒட்டிய லேபிள் நேராக இருக்கிறதா, எண் சரியா, தேதி சரியா, மை பரவியிருக்கிறதா என்று பார்த்து, பிசகினால் பெட்டியையே ஒதுக்கித் தள்ளுவேன். அங்கே எனக்கு நல்ல பெயர் கிடையாது. என் கண்ணில் படாமல் ஒரு பெட்டியை அனுப்புவது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று சூப்பர்வைசரே சொல்வார். அந்தப் பிரிவை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பியபோது, நிபோங் திபாலில் இருக்கும் என் தம்பி அவன் வீட்டுக்குப் பின்னால் தேனீப் பெட்டி வைக்க இடம் கொடுத்தான். ஆறு பெட்டியில் தொடங்கினேன். பினாங்குத் தீவில் இருக்கும் என் அடுக்குமாடி வீட்டுக்குத் தேனைக் கொண்டுவந்து, வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி விற்றேன். நாக்கு நீளம் எனக்கு, ஆனால் கை சுத்தம். தேன் நன்றாகவே போனது.

வீட்டில் செய்து விற்பவர்களுக்கு என்று செபராங் ஜெயாவில் ஒருநாள் வகுப்பு நடத்தினார்கள். வகுப்பெடுத்தவர் ஒரு மலாய் அதிகாரி, நிதானமான பெண்மணி. பொருளின் பெயர், நிகர எடை, செய்தவரின் பெயர், முகவரி, காலாவதித் தேதி எல்லாம் இருக்க வேண்டும், எழுத்து கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்க வேண்டும் என்றார். இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சர்க்கரை வியாதி தீரும், இருமல் போகும் என்று எழுதக் கூடாது என்றார். அதுவும் சரி. சுத்தமான தேன் என்று கூட இஷ்டத்துக்கு எழுதிவிட முடியாது என்றபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. கலப்படக்காரன் செய்த பாவத்துக்கு நான் ஏன் வாயை மூட வேண்டும் என்று எழுந்து கேட்டேன். சிரித்தார், பதில் மாறவில்லை.

பிறகு ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை விஷயம் வந்தது. அந்த வரியைக் கட்டாயம் அச்சிடுங்கள் என்று கரும்பலகையில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டார். எவ்வளவு சுத்தமான தேனிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியின் வித்து இருக்கலாம், பெரியவர்களின் வயிறு அதைச் சமாளித்துவிடும், பச்சைக் குழந்தையின் குடலில் அது முளைத்து விஷமாகும் என்றார். முதலில் மலச்சிக்கல், பிறகு அழுகை குறையும், இமை தொங்கும், கை கால் துவண்டு குழந்தை துணிப்பொம்மை மாதிரி ஆகிவிடும், கடைசியில் மூச்சு. இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

எனக்கு அப்போது வேறு கவலை. என் தேனில் பாதி கோயிலுக்குத்தான் போகும். அதனால் கேட்டேன், சாமிக்கு ஊற்றுவதற்கென்றே விற்கிற தேனுக்கும் இதெல்லாம் வேண்டுமா என்று. ஊற்றிய பிறகு யாராவது அதைச் சாப்பிடுவார்களா என்று திருப்பிக் கேட்டார். இல்லை, அப்படியே வாய்க்காலில் போய்விடும் என்றேன். அபிஷேகத் தேன் எந்தக் கோயிலில் வாய்க்காலோடு போகிறது? பாதி சாமிக்கு, மீதி வீட்டுக்கு. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா? அது எனக்கும் தெரியும், என்னைப் பெற்றவளுக்கும் தெரியும். அந்த மலாய் அதிகாரிக்குத் தெரியாது. யாரும் சாப்பிடாவிட்டால் அது உணவு ஆகாது என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் கேட்டுச் சொல்கிறேன், அதுவரை எல்லாவற்றுக்கும் ஒட்டிவிடுங்கள் என்றார். எனக்கு முதல் பாதி மட்டும் காதில் விழுந்தது.

அப்படியும் சில வாரம் எல்லா பாட்டிலுக்கும் ஒட்டினேன். கோயில் பெண்கள் முகம் சுளித்தார்கள். ஒருத்தி லேபிளைப் படித்துவிட்டு, குழந்தைக்கு ஆகாத தேன் பாலமுருகனுக்கு மட்டும் எப்படி ஆகும் என்று கேட்டாள். வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. இன்னொருத்தி நகத்தால் லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பணம் கொடுத்தாள். அடுத்த வாரத்திலிருந்து அபிஷேகத்துக்கென்று தனியாகச் சின்ன பாட்டில் வைத்தேன். லேபிள் கிடையாது. கழுத்தில் மஞ்சள் நூல், மூடியில் ஒரு குங்குமப் பொட்டு. பார்க்க லட்சணமாக இருந்தது, மளமளவென்று விற்றது. சட்டத்தில் ஒரு சந்து கண்டுபிடித்துவிட்டேன் என்று உள்ளூரப் பெருமை வேறு.

அந்தச் சின்ன பாட்டிலைத்தான் தோழி வாங்கிப் போனாள். குழந்தையின் முப்பதாம் நாளுக்கு முருகனுக்கு அபிஷேகம் என்றாள்.

குரல்செய்தியை இரண்டாம் முறை கேட்க மனசில்லாமல் அவளை அழைத்தேன். எடுத்ததும் குழந்தையைப் பற்றி அழ ஆரம்பித்தாள். நான் நேராகக் கேட்டேன்.

“புள்ளைக்குத் தேன் கொடுத்தியா?”

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி லிஃப்டின் மணி கேட்டது.

“சாமித் தேன்தானேக்கா,” என்றாள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். காலையில் கோயிலில் பாதியை ஊற்றிவிட்டு மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். தொட்டிலில் போட்டதும் அத்தை முறைக்கு அவள்தான் மோதிரத்தைத் தேனில் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைத்திருக்கிறாள். குழந்தை சப்புக்கொட்டியதாம். அன்றைக்கு நன்றாகத் தூங்கியதால், பிரசாதம்தானே என்று அதிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு சொட்டு. டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். சொல்லவில்லை. பாலைத் தவிர வேறு ஏதாவது கொடுத்தீர்களா என்று டாக்டர் மூன்று தடவை கேட்டிருக்கிறார். மூன்று தடவையும் இவளே முந்திக்கொண்டு, பால் மட்டும்தான் என்றிருக்கிறாள். ஆறு மாதத்துக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காதே என்று கிளினிக் நர்ஸ் ஏற்கெனவே கண்டித்திருந்தாளாம். அந்தப் பயம். குழந்தையைப் பெற்றவள் இவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டாளாம்.

இப்போதே போய்ச் சொல் என்றேன்.

“வேணாம்க்கா. சொன்னா என்னாலதான் ஆச்சுன்னு சொல்லுவாங்க. அப்புறம் தம்பி வீட்டுப் படிய நான் மிதிக்க முடியாது.” குரலைத் தாழ்த்தினாள். “உனக்கும் சம்மன் வரும்லா. லேபிள் இல்லாமதானே வித்த.”

அவள் மிரட்டவில்லை. எங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் பயப்பட்டாள். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை வேலை செய்தது. போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் நல்லவள் மாதிரி எழுத வேண்டுமென்றால் உடனே கிளம்பினேன் என்று எழுதலாம். உண்மையில் அரை மணி நேரம் ஆனது.

அந்த அரை மணி நேரத்தில் என் மூளை செய்த வேலை எனக்கே அருவருப்பாக இருக்கிறது. தேனாக இருக்காது என்றது. நாங்களெல்லாம் பிறந்ததும் நாக்கில் சேனையென்று தேன் வாங்கி வளர்ந்தவர்கள்தானே, எங்களுக்கு என்ன ஆனது என்றது. அவள் வேறு எங்காவது தேன் வாங்கியிருக்கலாமே என்றுகூடக் கேட்டது. சாப்பிட வந்த என் கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, நாளை வரை பார், குழந்தைக்குச் சரியாகிவிட்டால் எதற்கு வீண் வம்பு என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்குச் சாதகமாக யார் எதைச் சொல்லியிருந்தாலும் அப்போது நியாயமாகத்தான் பட்டிருக்கும்.

மறுபடியும் லேபிளை எடுத்தேன். மலச்சிக்கல், அழுகை, இமை, கை கால் என்று அந்த அதிகாரி சொன்ன வரிசை தலைக்குள் ஓடியது. தோழி சொன்னதும் ஏறக்குறைய அதே வரிசை. பாக்கி இருந்தது கை காலும் மூச்சும்தான். டாக்டர்கள் எதைத் தேடுவது என்று தெரியாமல் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தெரிந்த நான் பசை தடவிக்கொண்டிருக்கிறேன். எழுந்துவிட்டேன். அலமாரியில் அதே வடிப்பில் எடுத்த தேன் ஒரு பாட்டில் மிச்சம் இருந்தது. மஞ்சள் நூலோடு அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பின்னாலிருந்து என் கணவர் ஏதோ சொன்னார். காதில் வாங்கவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி பத்து நிமிடம்தான். அன்றைக்கு எல்லாச் சிவப்பு விளக்கும் எனக்கென்றே காத்திருந்தது. பார்வையாளர் நேரம் முடியப் போகிறது என்று காவலாளி தடுத்தார். குழந்தைக்கு மருந்து கொண்டுவந்திருக்கிறேன் என்று பொய் சொன்னேன். வேறு எந்தப் பொய்யும் எனக்கு அவ்வளவு சுலபமாக வந்ததில்லை.

வார்டு வாசலிலேயே தோழி நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளிறியது. ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இருபது வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள், எனக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது கஞ்சி வைத்துக்கொண்டு வந்தவள்.

“ஒரே ஒரு நாள் பொறுக்கா,” என்றாள்.

“ஒரு நாள் அதுகிட்ட இருக்கான்னு உனக்குத் தெரியுமா?”

கையை விட்டாள்.

உள்ளே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் குழந்தை படுத்திருந்தது. ஒரு நர்ஸ் அதன் கையைத் தூக்கி விட்டாள். கை அப்படியே விழுந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. கவுண்டரில் எழுதிக்கொண்டிருந்த டாக்டர் சின்ன வயசுக்காரி. அவரிடம் போய், எனக்குத் தெரிந்த மலாயில், இந்தக் குழந்தைக்குப் பன்னிரண்டு நாளாகத் தேன் கொடுத்திருக்கிறார்கள், அந்தத் தேனை விற்றது நான் என்றேன். பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கவுண்டரில் வைத்தேன். அவர் அதை எடுத்துத் திருப்பினார். இன்னொரு பக்கம் திருப்பினார். அடியைப் பார்த்தார். எந்தக் கம்பெனி, எப்போது எடுத்தது, காய்ச்சியதா காய்ச்சாததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த லேபிளில் இருக்க வேண்டிய ஒவ்வொன்றையும் நான் வாயால் சொன்னேன். சோதனைக்கு அனுப்ப வேண்டும், எழுதித் தாருங்கள் என்று வெள்ளை நாடாவில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தார். என் பெயர், முகவரி, தேன் எடுத்த தேதி, நிபோங் திபால். எழுத்து மேலும் கீழும் போனது. தொழிற்சாலையில் அப்படி ஒரு லேபிள் என் கையில் கிடைத்திருந்தால் பெட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன்.

டாக்டர் தோழியின் பக்கம் திரும்பி எவ்வளவு, எத்தனை தடவை என்று கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதில் பின்னாலிருந்து வந்தது. குழந்தையைப் பெற்றவள், பிழிந்தெடுத்த தாய்ப்பால் பாட்டிலைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். தினம் ஒரு சொட்டு, சாயங்காலம், நேற்று முன்தினம் வரை என்று தெளிவான மலாயில் சொன்னாள். பிறகு என்னை ஒரு தடவை பார்த்தாள். பால் பாட்டிலோடு உள்ளே போய்விட்டாள்.

தேனால்தான் என்று சோதனை முடிவு வரும் வரை சொல்ல முடியாது, ஆனால் எதைத் தேட வேண்டும் என்று இப்போது தெரிகிறது என்றார் டாக்டர். உடனே போன் செய்யத் தொடங்கினார். ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். மறுநாள் விடிகாலையில் அதன் மூச்சு தளர்ந்தது. எதிர்பார்த்துக் காத்திருந்ததால் நொடியில் இயந்திரத்தில் போட்டார்களாம். என் கணவர் சொன்னபடி நாளை வரை பார்த்திருந்தால், என்று யோசிக்க ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்குச் சாப்பாடு இறங்காது.

சோதனை முடிவு வர நாளாயிற்று. தேன்தான். அதற்குள் என் வீட்டுக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். சமையலறையைப் பார்த்தார்கள், பாட்டில்களை எண்ணி எடுத்துக்கொண்டார்கள், மஞ்சள் நூல் உருண்டையைக்கூட ஒரு பையில் போட்டார்கள். இதற்கு ஏன் லேபிள் ஒட்டவில்லை என்று கேட்டார்கள். சாமிக்கு என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஒட்டினால் வாங்க மாட்டார்கள் என்பதால் ஒட்டவில்லை என்றேன். ஒருவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். சம்மன் வந்தது, போய் நின்றேன், குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அந்த இடத்தில் எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. தப்பு செய்தவளைத் தப்பு செய்தாய் என்றார்கள், அவ்வளவுதான்.

தோழி என்னோடு பேசுவதில்லை. அவள் தம்பி அவளைப் படியேற விட்டான். அவள் பயந்தது நடக்கவில்லை. எனக்கு அதில் நிம்மதிதான். சந்தையில் எதிரே வந்தால் காய்கறியைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொள்கிறாள். டாக்டரிடம் நான் சொன்னதற்காகவா, அந்த பாட்டிலை விற்றதற்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எதுவானாலும் அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவள் இல்லாதது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஏழு மாதம் தேன் விற்கவில்லை. இப்போது மறுபடியும் விற்கிறேன். எல்லா பாட்டிலுக்கும் லேபிள் உண்டு. அபிஷேகத்துக்கு வாங்குகிறவர்களுக்கும் அதே பாட்டில்தான், குழந்தை வரி மட்டும் மலாயில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. சாமிக்கு எதற்கு இது என்று கேட்கிறவர்களிடம் வேறு கடை பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்கிறேன்.

குழந்தை இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தது. நான் போகவில்லை. என்ன முகத்தோடு போவது? அதற்குப் பிறகு பல மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை அதன் தாயே என்னைத் தேடி வந்தாள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. செபராங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிற பெண், அதிகம் பேசாதவள். உட்கார வைத்தேன். குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தது. அதன் கையில் பலம் இருந்தது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன். அத்தைக்காரியை நான் கொடுக்கச் சொல்லவில்லை, மூன்று தடவை கேட்டும் வாயைத் திறக்காதது நீங்கள், ஓடிவந்து சொன்னது நான். எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது.

“ஒண்ணு சொல்லணும்க்கா,” என்றாள். “நான் எதையும் படிக்காம புள்ளைக்குக் கொடுக்கமாட்டேன். பவுடர் டின், சோப்பு எல்லாம் படிப்பேன். அன்னிக்கி அண்ணி தேனத் தொட்டப்பவும் பாட்டில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தேன். ஒண்ணும் எழுதல. அதனால ஒண்ணும் செய்யாதுன்னு நினைச்சுட்டேன்.”

குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இத்தனை மாதம் வைத்திருந்ததை என்னிடம் சொன்னாள். திட்டியிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும்.